ஐந்தாவது ஹோலில் ஆடு படுத்த பள்ளம்

எங்கள் கோல்ஃப் க்ளப்பின் பழைய மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு வரி பொய். தலைவரின் உத்தரவுப்படி மைதானம் சமன் செய்யப்பட்டது என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். எழுதினவன் நான். அப்போதெல்லாம் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதனால் பொய்யும் பார்க்க லட்சணமாகவே இருக்கிறது. எந்தத் தலைவரும் அப்படி உத்தரவு போடவில்லை. மண்வெட்டி, மாடு, பரம்புப் பலகை எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கினவன் நான்தான்.

இதை இப்போது சொல்லி யாருக்கு என்ன ஆகப் போகிறது என்று என் மகள் கேட்கிறாள். ஒன்றும் ஆகப் போவதில்லை. எனக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நான் கோல்ஃப் ஆடினவன் இல்லை. லால்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் பாஸ் பண்ணி, ஐம்பதுகளின் நடுவில் திருச்சி கன்டோன்மென்டில் இருந்த அந்தக் க்ளப்புக்குக் குமாஸ்தாவாக வந்து சேர்ந்தேன். உறையூரில் ஒண்டுக் குடித்தனம், இரண்டு குழந்தைகள். கமிட்டி கூடினால் மினிட்ஸ் எழுதுவது, நோட்டீஸ் டைப் அடிப்பது, பெரிய மனிதர் யாராவது வந்தால் சோடா, குடை, நாற்காலி ஏற்பாடு செய்வது, இதுதான் உத்தியோகம். மெம்பர்கள் இருபது பேர் இருப்பார்கள். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கட்டைகளை எடுத்து ஆட ஆரம்பித்த நம்மூர் ஆபீசர்களும் வியாபாரிகளும். பாதிப் பேருக்கு ஆட்டத்தைவிட, ஆட்டம் முடிந்து சாய்வதற்கு ஒரு நாற்காலிதான் முக்கியம்.

ஆடுகிற இடம் கன்டோன்மென்டில் இல்லை. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரைப் படுகையில் இருந்தது. கொள்ளிடத்தில் வருஷம் பூரா தண்ணீர் ஓடாது. காவிரிக்கு மிஞ்சினால்தான் அதற்கு. ஆனால் வரும்போது சும்மா வராது. வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால் படுகை முழுக்க மணலை அள்ளிக் கொட்டிவிட்டுப் போயிருக்கும். இடுப்பளவுக்கு ஒரு மேடு, அதை ஒட்டி ஒரு பள்ளம், மறுபடியும் மேடு. அதன் மேல் அருகம்புல் படரும். ஓரத்தில் நாணல். ஏர் பிடித்தவன் எவனும் அந்த மண்ணைத் திரும்பிப் பார்க்க மாட்டான். முதல் தடவை பார்த்தபோது, இதைப் போய்க் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்களே, இவர்களுக்குப் புத்தி கித்தி பிசகிவிட்டதா என்றுதான் எனக்குத் தோன்றியது.

எடுக்க வைத்தவர் க்ளப்பின் தலைவர். ஒரு டாக்டர், ஸ்ரீரங்கம் உத்தரவீதிக்காரர். நெற்றியில் திருமண், காலில் ஆணி அடித்த பூட்ஸ். இரண்டையும் சேர்த்து அந்த ஊரில் அவரிடம் மட்டும்தான் பார்க்கலாம். மேல்படிப்புக்கு ஸ்காட்லாந்து போய் நாலைந்து வருஷம் இருந்தவர். படித்துக்கொண்டு வந்தது அறுவை சிகிச்சை, பிடித்துக்கொண்டு வந்தது கோல்ஃப் பைத்தியம். அந்த ஊர்க் கடலோரத்து மைதானங்களில் ஆடினவருக்கு இங்கே இருந்த புல்தரை எதுவும் பிடிக்கவில்லை. ஒரு நாள் கொள்ளிடக் கரையில் யாருக்கோ வைத்தியம் பார்க்கப் போனவர், ஒரு மேட்டில் ஏறி நின்று, "பெருமாளே, இது இங்கேயா கிடக்கு!" என்று கத்தினாராம். அவரே சொன்னது.

"கடலுக்கும் உழவு நிலத்துக்கும் நடுவுல, எதுக்கும் ஆகாம ஒரு மணல் பட்டை கிடக்குமே ஓய், அதுக்குப் பேர்தான் லிங்க்ஸ்," என்பார். "லோகத்துல பெரிய மைதானம்னு சொல்றதுல முக்காவாசி அந்த மாதிரிப் பொறம்போக்குதான். யாரும் பண்ணலே. காத்தும் தண்ணியும் பண்ணித்து. மனுஷா போய் ஒன்பது குழி தோண்டிக் கொடியை நட்டா, அவ்வளவுதான்."

"இங்க கடல் ஏதுங்க சார்?" என்றேன்.

"கொள்ளிடம் இருக்கே. கடல் பண்ற வேலையை இது வருஷத்துக்கு ஒரு தரம் பண்றது."

அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நான் பாட்டுக்கு டைப் அடித்துக்கொண்டே 'ஆமாங்க சார், ஆமாங்க சார்' என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அப்படியும் சிலது காதில் விழுந்து தங்கிவிட்டது. தரை கெட்டியாக இருக்க வேண்டுமாம். பந்து விழுந்த இடத்தில் நிற்காமல் ஓட வேண்டும், எந்த மேட்டில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியக் கூடாது. காற்று இருக்க வேண்டும். காலையில் மேற்கே பார்த்து அடித்த அதே அடி சாயங்காலம் உதவாது. மூன்றாவது ஹோலில் கொடியே கண்ணுக்குத் தெரியாது, மேடு மறைக்கும். தெற்கே தெரிகிற மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாரைப் பார்த்து அடித்துவிட்டு ஓடிப் போய்ப் பார்க்க வேண்டும். "இப்படி அடிச்சா என்னங்க சார் நியாயம்?" என்று நான் கேட்டால், "நியாயம் வேணும்னா கோர்ட்டுக்குப் போம்," என்பார்.

கடைசியாக ஒரு பரீட்சை வைத்திருந்தார். "ஆடிட்டு ஆத்துக்குப் போய்ப் படுத்துண்டு கண்ணை மூடிண்டா ஒன்பதும் வரிசையா வரணும். ஒண்ணு வராட்டாலும் அது பெரிய மைதானம் இல்லே."

ஒன்பதில் அவருக்கு உசிர் ஐந்தாவதுதான். அங்கே ஒரு பெரிய பள்ளம், ஆள் இறங்கினால் தலை மட்டும் தெரியும். அதைத் தோண்டினது ஆடுகள். அக்கரையிலிருந்து மேய்ச்சலுக்கு வரும் ஆட்டுக்காரர் ஒருவர் இருந்தார், ஐம்பது வயசிருக்கும். அவர் ஆடுகள் மேய்ந்துதான் புல் மட்டமாக இருந்தது. ஆனி மாசக் காற்றுக்கு ஒதுங்க, ஆடுகள் ஒரு மேட்டுக்குப் பின்னால் படுத்துப் படுத்து, காலால் சீய்த்துச் சீய்த்து, அது பள்ளமாகிவிட்டது. பந்து அதில் விழுந்தால் ஆட்டைக் கிளப்பிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். "அங்கேயும் இப்படித்தான் ஓய், செம்மறியாடு படுத்துப் படுத்துத்தான் அந்தப் பள்ளமெல்லாம் வந்துதுன்னு சொல்லுவா," என்று டாக்டர் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்று பூரித்துப் போவார். எனக்கோ ஆட்டு மூத்திர நாற்றம் குடலைப் பிடுங்கும்.

எட்டாவதில் சலவைக்காரர்கள் துணி காயப் போடுவார்கள். பந்து வேட்டியில் விழுந்தால் எடுத்துப் பக்கத்தில் வைத்து ஆடலாம், புடவையில் விழுந்தால் அந்த அம்மாவைக் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்று ஒரு விதி. அந்த விதியை டைப் அடித்து ஒட்டினவனும் நான்தான்.

மெம்பர்களுக்கு இதெல்லாம் அலுத்துப்போனது. பூட்ஸில் மணல், கண்ணில் மணல், அடித்த பந்து காணோம். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பெரிய வெற்றிடம் கிடைத்தது. ரோலர் விட்டு, புல் நட்டு, ஜம்மென்று ஒரு மைதானம் போடலாம் என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. கொள்ளிடக் கரைக் குத்தகை அந்த ஆனியோடு முடிகிறது. புதுப்பிக்கக் கூடாது என்று தீர்மானமே எழுதி வைத்துவிட்டார்கள். விட்டால் அந்தப் படுகையை வாழைக்குக் கேட்டு ஒருவர் காத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கமிட்டியில் எழுந்து ஒன்றே ஒன்று கேட்டார். சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார். உலகத்துப் பெரிய மைதானம் அத்தனையும் நடந்து பார்த்தவர், எது உசத்தி எது மட்டம் என்று பத்திரிகையில் எழுதுகிறவர். போட் மெயிலில் மெட்ராஸ் போகும் வழியில் ஒரு பகல் திருச்சியில் இறங்கச் சம்மதித்திருக்கிறார். அவர் பார்த்துச் சொல்லட்டும். நன்றாக இல்லை என்று சொன்னால் நானே குத்தகையை விட்டுவிடுகிறேன் என்றார். இதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் சொன்னால் சரி என்பது சுதந்திரம் வந்து பத்து வருஷத்துக்கு மேலான பிறகும் நம்மவர்களுக்குப் போகவில்லை.

விருந்தாளியை ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஸ்டேஷனுக்கே போய் அழைத்து வருவதற்காக டாக்டர் புதன்கிழமை கிளம்பினார். ஞாயிறு விடியற்காலை ஜங்ஷனில் வந்து இறங்குவதாக ஏற்பாடு. கிளம்பும்போது என்னிடம் சொன்னார், "நீர் ஒண்ணும் பண்ண வேண்டாம் ஓய். எது எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். எதையும் தொடாதேயும்."

இங்கேதான் நான் புத்திசாலியானேன்.

நம்ம ஊரில் ஒருத்தர் 'எனக்கு ஒண்ணும் வேணாங்க, சிரமப்படாதீங்க' என்று சொன்னால் யாராவது சும்மா இருப்போமா? சாப்பிட்டாச்சு என்று சொல்கிறவருக்குத்தான் முதலில் இலை போடுவோம். வேண்டாம் என்று அவர் சொல்வது அவருக்கு மரியாதை, கேட்காமல் செய்வது நமக்கு மரியாதை. டாக்டர் பெருந்தன்மைக்காரர், குமாஸ்தாவுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்லிவிட்டுப் போகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். மனுஷர் இத்தனை வருஷமாக இந்த இடத்துக்காக எல்லோரிடமும் கேலி வாங்கிக்கொண்டிருக்கிறார். கடல் தாண்டி ஒருத்தர் பார்க்க வருகிறார். அவர் வந்து இறங்கும்போது இடம் மேடும் பள்ளமுமாக, ஆட்டுப் புழுக்கையோடு கிடந்தால் யாருக்கு அவமானம்? டாக்டருக்கு. அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவர் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம்.

அன்றைக்கே அக்கரைக்கு ஆள் அனுப்பி என் அக்கா வீட்டுக்காரரை வரவழைத்தேன். வியாழக்கிழமை காலையில் மச்சான் ஐந்து ஜோடி மாடும் முப்பது ஆளுமாகக் காய்ந்த கொள்ளிடத்தைக் குறுக்கே கடந்து வந்து நின்றார். சொந்தக்காரர்கள், ஊர்க்காரர்கள். சோறும் வெற்றிலையும் கொடுத்தால் போதும் என்று வந்தவர்கள்.

மச்சான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். "என்னா மாப்ள, இதுலயா தொரைங்க வெளையாடறாங்க? கால் ஒடிஞ்சிராது?"

"அதுக்குத்தானே மச்சான் உங்களக் கூப்ட்டேன்."

"மூணு நாள் குடு. நாத்தங்கால் கணக்கா ஆக்கிக் குடுத்துர்றேன்."

சொன்னபடியே செய்தார். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு, மேலே பரம்பு ஓட்டினார்கள். எங்கள் ஊரில் பரம்பு ஓட்டுவதில் மச்சானை அடிக்க ஆள் கிடையாது. தண்ணீர் ஊற்றினால் நாலு மூலையிலும் ஒரே விரல்கடை நிற்கும். பக்கத்து வாழைத்தோப்பு ஆயில் என்ஜினைக் கேட்டு வாங்கிப் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சினேன், பச்சையாகத் தெரியட்டும் என்று. விருந்தாளி நின்று முதல் அடி அடிக்கிற இடத்தில் காற்று முகத்தில் அறையுமே என்று மேற்குப் பக்கம் கீற்றுத் தட்டி வைத்துக் கட்டினேன். வாசலில் இரண்டு வாழைமரம், மாவிலைத் தோரணம். சலவைக்காரர்களை அன்றைக்கு மட்டும் வேறு துறைக்குப் போகச் சொன்னேன்.

ஐந்தாவது ஹோலில்தான் ஆட்டுக்காரர் குறுக்கே வந்து நின்றார். "வேணாங்கய்யா. டாக்டரய்யா இந்தப் பள்ளத்த மட்டும் யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க."

"பெரிய மனுஷன் வர்ற இடத்துல புழுக்கையா கெடக்கும்? ஆட்ட ஓட்டிட்டுப் போய்யா," என்றேன்.

"நான் சொல்றதச் சொல்லிட்டேங்க," என்று அவர் ஆடுகளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். எஸ்.எஸ்.எல்.சி. படித்த எனக்கு அவர் சொல்வது காதில் ஏறவில்லை. பள்ளத்தை மூட ஒரு அரை நாள் பிடித்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறாவது ஹோல் முடிந்தது. ஏழு, எட்டு, ஒன்பதுக்கு நேரமில்லை. அது ஒன்றுதான் எனக்குக் குறையாக இருந்தது. போகட்டும், முதல் ஆறும் பார்த்தாலே அசந்துவிடுவார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஞாயிறு காலை கார் வந்து நின்றது. டாக்டர் முதலில் இறங்கினார். இறங்கினவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். நான் புது வேட்டி கட்டிக்கொண்டு, பாராட்டு வாங்குவதற்குத் தயாராக முன்னால் போனேன்.

"எப்படிங்க சார்?"

அவர் முதல் ஹோலிலிருந்து கண் எட்டும் தூரம் வரைக்கும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பிள்ளை செத்துவிட்டது என்று தாயிடம் சொல்ல வருகிற டாக்டரின் முகம் எனக்குத் தெரியும். அந்த முகத்தை அவர் எனக்குக் காட்டினார்.

"எத்தனை நாளாச்சு?"

"மூணு நாளுங்க சார்."

"மூணு நாள்," என்று திருப்பிச் சொல்லிவிட்டு, விருந்தாளிக்குக் கதவைத் திறந்துவிடப் போனார். அப்போதுதான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது.

விருந்தாளி உயரமான கிழவர், சிவந்த மூக்கு, கையை மடக்கி விட்ட சட்டை. வார்த்தையை விழுங்கி விழுங்கிப் பேசினார், எனக்குப் பாதிதான் புரிந்தது. மெம்பர்கள் ஏழெட்டுப் பேர் கூட நடந்தார்கள். நான் சோடாக் கூடையும் குடையுமாகப் பின்னால். முதல் பந்தைக் கிழவர் அழகாகத்தான் அடித்தார். அது போய், நான் தண்ணீர் பாய்ச்சின தரையில் பொதக்கென்று விழுந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. ஒரு ஜாண் ஓடவில்லை. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் மேடு இல்லை, கொடி பளிச்சென்று தெரிந்தது. டாக்டர் மலைக்கோட்டையைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஐந்தாவதைத் தாண்டும்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கிழவர் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாக நன்றாயிருக்கிறது, நன்றாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கே அந்த வார்த்தை பிடிக்காமல் போய்விட்டது.

ஏழாவதற்கு வந்தோம். நான் தொடாத இடம். ரயில் பாலத்தைப் பார்த்தாற்போல் இரண்டு மேடு, நடுவே வளைந்து வளைந்து ஒரு வழி, அதற்குள் மேல்காற்று புகுந்து சுழன்றுகொண்டிருந்தது. கிழவர் நடையை நிறுத்தினார். கையிலிருந்த சுருட்டை அணைத்தார். மேட்டில் ஏறினார், இறங்கினார், குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தார். ஒரு பந்தைப் போட்டு அடித்தார். அது மேட்டில் பட்டு, ஏறி, யோசித்து, வேறு பக்கம் உருண்டு கண்ணுக்கு மறைந்தது. கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"இதை யார் செய்தது?" என்று டாக்டரைக் கேட்டார்.

"யாரும் செய்யவில்லை. கொள்ளிடம்."

கிழவர் திரும்பி, வந்த வழியைக் கட்டையால் காட்டினார். "அப்படியானால் அதை?"

அந்த இங்கிலீஷ் எனக்கு நன்றாகப் புரிந்தது. டாக்டர் ஒரு கண நேரம் என் பக்கம் பார்த்தார். மெம்பர்கள் சுற்றி நின்றார்கள். ஒரு கடிதத்தில் தேதி மாற்றி அடித்ததற்கு எனக்கு முன்னாலிருந்த குமாஸ்தாவை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பின செக்ரட்டரி என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஒரு எட்டு முன்னால் போயிருக்க வேண்டும். நான்தான் சார் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பயம், வேறென்ன.

"நான் செய்தேன்," என்றார் டாக்டர்.

கிழவர் மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போனார். பந்தைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எட்டாவதையும் ஒன்பதாவதையும் ஆடவில்லை, நடந்து மட்டும் பார்த்தார்.

மத்தியானம் கமிட்டி கூடினது. கிழவர் நறுக்கென்று முடித்தார். இந்தப் படுகையில் நான் பார்த்த மூன்று ஹோல், நான் நடந்த பெரிய மைதானங்களில் எதற்கும் குறைந்ததில்லை. ஆனால் இந்த மாதிரி ஒன்று கையில் கிடைத்தும் அதை இப்படி ஆக்குகிறவரிடம் இது இருந்து பிரயோஜனமில்லை. நீங்கள் ரோலர் போட்ட மைதானத்துக்கே போங்கள். இதுதான் சாராம்சம். சாயங்கால வண்டிக்கு அவர் கிளம்பிவிட்டார்.

டாக்டர் எதுவும் மறுக்கவில்லை. ஓட்டெடுப்பில் கையைத் தூக்கவும் இல்லை. செக்ரட்டரி சொல்லச் சொல்ல நான் மினிட்ஸ் எழுதினேன். தலைவரின் உத்தரவுப்படி மைதானம் சமன் செய்யப்பட்டது. அந்த இடத்தில் என் பேனா நின்றது. டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "எழுதும்," என்றார். எழுதினேன். அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, படியிறங்கும்போது என்னிடம் சொன்னார், "உம்ம மச்சான் மாடெல்லாம் நன்னா வேலை பண்ணியிருக்கு ஓய்." நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது எனக்கு.

ஆடியில் படுகையில் வாழைக் கன்று வைத்தார்கள். ஐப்பசியில் கொள்ளிடம் வந்தது. எப்போதும் வருகிற மாதிரி இல்லை, கரை உடைக்கிற மாதிரி வந்து பத்து நாள் நின்றது. கன்று ஒன்று மிச்சமில்லை, வாழைக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனார்.

தண்ணீர் வடிந்து கொஞ்ச நாள் கழித்து டாக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். காரில் ஏற்றிக்கொண்டு கரைக்குப் போனார். ஏறிப் பார்த்தால், என்னத்தைச் சொல்ல. மூன்று நாள் முப்பது பேர் பத்து மாடு செய்த வேலை இருந்த இடம் தெரியவில்லை. முன்னைவிட உயரமாக மேடு, முன்னைவிட வளைவாகப் பள்ளம். மூன்றாவதில் கொடி நட்டால் மறுபடியும் மலைக்கோட்டையைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும்.

"பாரும், வந்துடுத்து," என்றார்.

"அவருக்கு எழுதுங்க சார். இன்னொரு தடவை வந்து பாக்கட்டும். நான்தான் பண்ணேன்னு நானே எழுதித் தரேன்."

"அவர் காலமாயிட்டார் ஓய். ஊருக்குப் போய் ரெண்டு மாசம் இருந்திருக்கார், அவ்வளவுதான்."

எனக்குத் தாங்கவில்லை. "அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும் சார். நீங்க ஏன் சார் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"ஆபரேஷன் தியேட்டர்ல யார் கை நழுவினாலும் கத்தி என்னோடது. அப்படித்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தா," என்றார். "தவிர, உமக்கு வேலை போனா மேடு திரும்பி வந்துடுமா? அது அதுபாட்டுக்கு வந்தாச்சு. ஆட்றதுக்குத்தான் ஆள் இல்லே."

ஆள் இல்லைதான். மெம்பர்கள் கன்டோன்மென்ட் மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாயிற்று. டாக்டர் அங்கே ஒரு நாளும் ஆடவில்லை. கட்டைகளைப் பரணில் போட்டுவிட்டார்.

ஆனால் வருஷா வருஷம் வெள்ளம் வடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு படுகைக்குப் போவார். கட்டை இல்லை, பந்து இல்லை. ஒன்பது ஹோலும் இருந்த இடத்தை வரிசையாக நடப்பார். இந்த வருஷம் இங்கே மேடு ஏறியிருக்கு, அங்கே பள்ளம் நகர்ந்திருக்கு என்று சொல்லிக்கொண்டே வருவார். நான் ஆமாங்க சார் போட்டுக்கொண்டு கூடவே போவேன். நாலாவது முடிந்ததும் நான் மட்டும் கரை மேல் ஏறி, சுற்றிக்கொண்டு ஆறாவதுக்குப் போய் நின்றுகொள்வேன். ஐந்தாவதுக்கு அவர் தனியாகப் போய்விட்டு வருவார். நான் ஏன் வரவில்லை என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்படியே ஏழெட்டு வருஷம் போயிற்று.

அறுபதுகளின் கடைசியில் அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கால் விழுந்துவிட்டது. அந்த வருஷம் கார்த்திகையில் உத்தரவீதி வீட்டுக்கு என்னை வரச் சொன்னார். கட்டிலில் தலையணைக்கு முட்டுக் கொடுத்துச் சாய்ந்திருந்தார். பேச்சு கொஞ்சம் குழறியது, திருமண் மட்டும் கோணாமல் இருந்தது.

"போய்ப் பாத்தீரா? எப்படியிருக்கு? சொல்லும்," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

முந்தின நாள்தான் போய்விட்டு வந்திருந்தேன். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்று, மேற்கே பார்த்து, இடது பக்கம் புது மேடு. இரண்டு, நாணல் உள்ளே வந்திருக்கிறது. மூன்று, பிள்ளையார் கோயில் பாதிதான் தெரிகிறது. நாலு, தரை கல் மாதிரி. ஒரு பந்துகூட அடிக்காதவனுக்கு எல்லாம் கண்ணுக்குள் அப்படியே வந்துகொண்டிருந்தது. ஆறாவது, பாலத்துப் பக்கம் மணல் சரிந்திருக்கிறது என்று தொடங்கினேன்.

"அஞ்சாவதை எங்கே விட்டீர்?"

நான் கண்ணைத் திறக்காமல் ஆறாவதையே சொல்லிக்கொண்டு போனேன்.

"ஓய்."

"அங்க நான் போறதில்லைங்க சார்."

"தெரியும். போய்ப் பாத்துட்டு வாரும்."

"நாளைக்கு..."

"இப்பவே."

உச்சி வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு இறங்கி நடந்தேன். நாலாவதைத் தாண்டினதும் கால் பழக்கத்தில் கரைப் பக்கம் திரும்பியது, இழுத்துக்கொண்டேன். மேட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால், அங்கே பள்ளம் இருந்தது. நான் மூடினதைவிடப் பெரிது. அதே ஆட்டுக்காரர், தலை நரைத்துவிட்டது, விளிம்பில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார். "வாங்கய்யா," என்றார்.

திரும்பி வந்தபோது டாக்டர் அதே சாய்வில், அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"இருக்கா?"

"இருக்குங்க சார்."

"ஆடு?"

"ஏழு படுத்திருக்கு. ஒண்ணு குட்டி."

"காத்து எப்படி?"

"மேல நல்ல காத்துங்க. பள்ளத்துக்குள்ள துளி இல்லைங்க சார். நானும் எறங்கிக் கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டுத்தான் வரேன்."

அவர் முகத்தில் பாதி விழுந்துவிட்டது, மறு பாதி சிரித்தது. கையை நீட்டி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆச்சு, ஒன்பதும் வந்துடுத்து," என்றார். "இப்போ ஆறாவதைச் சொல்லும்."